சாதிச் சான்றிதழில் மதம்: 1950ஆம் ஆண்டு ஆணையின் மூன்றாம் பத்தியும் மதச்சார்பற்ற அரசும்

சாதிச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்த வீட்டுக்கு விசாரணைக்கு வரும் வருவாய்த் துறை அலுவலர் முதலில் சுவரைப் பார்க்கிறார். அங்கே தொங்குவது முருகன் படமா, வேளாங்கண்ணி மாதா படமா என்பது அவருக்கு முக்கியம். பிறகு பெயர்களைக் கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை எங்கே போவீர்கள் என்று கேட்கிறார். பக்கத்து வீட்டாரிடமும் அதையே விசாரிக்கிறார். அவர் வரும் நாள் முன்கூட்டியே தெரிந்தால், படத்தைக் கழற்றித் துணிப்பெட்டிக்குள் வைத்துவிடும் வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். விசாரணை முடிந்த மாலையில் படம் மீண்டும் ஆணிக்குத் திரும்பும். படம் சுவரில் இருந்தபோதும் பெட்டிக்குள் இருந்தபோதும் அந்த வீடு சேரியிலேதான் இருந்தது. ஊர்த்தெருவில் அந்த வீட்டாருக்குக் கிடைக்கும் மரியாதையும் மாறவில்லை.

எந்த மதத்தையும் தழுவவும் வெளிப்படையாகப் பின்பற்றவும் உரிமை உண்டு என்று சொல்லும் அரசியலமைப்பின் கீழ், ஒரு குடிமகள் தன் கடவுளை மறைத்து வைக்க வேண்டிய நிலை எப்படி வந்தது? இந்தக் கேள்விக்கான விடை 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஓர் ஆணையின் மூன்றாம் பத்தியில் இருக்கிறது. அந்தப் பத்தியின் வரலாறு, அதைப் பற்றிய தீர்ப்புகள், அதற்கு ஆதரவாகவும் எதிராகவும் வைக்கப்படும் வாதங்கள் ஆகியவற்றைச் செயற்பாட்டாளர்களும் மாணவர்களும் ஒரே இடத்தில் படிக்கும்படி இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஆணை என்ன சொல்கிறது

அரசியலமைப்பின் 341ஆம் பிரிவு, பட்டியல் சாதிகள் எவை என்று அறிவிக்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்கு வழங்குகிறது. சாதிகள், இனங்கள், பழங்குடிகள், அவற்றின் பகுதிகள் என்ற சொற்களே அந்தப் பிரிவில் உள்ளன. மதம் என்ற சொல் அதில் இல்லை. ஆனால் அந்த அதிகாரத்தின் கீழ் 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணை, சாதிகளைப் பட்டியலிட்டதோடு நிற்கவில்லை. இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றும் எவரும் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராகக் கருதப்பட மாட்டார் என்ற நிபந்தனையைத் தன் மூன்றாம் பத்தியில் சேர்த்தது. பஞ்சாபைச் சேர்ந்த நான்கு சீக்கியச் சாதிகளுக்கு மட்டும் அப்போது விதிவிலக்கு அளிக்கப்பட்டது.

1956இல் இந்தப் பத்தி திருத்தப்பட்டுச் சீக்கியர் அனைவரும் சேர்க்கப்பட்டனர். 1990இல் பௌத்தர்கள் சேர்க்கப்பட்டனர். கிறித்தவத்துக்கும் இஸ்லாத்துக்கும் சென்ற தலித்துகள் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். தலித் கிறித்தவ அமைப்புகள் ஆகஸ்ட் 10ஆம் நாளைக் கறுப்பு நாளாக அனுசரிப்பது இதனால்தான்.

பட்டியல் பழங்குடியினருக்கு இப்படி ஒரு நிபந்தனை கிடையாது. 342ஆம் பிரிவின் கீழ் வெளியான ஆணை மதத்தைக் கேட்பதில்லை. ஒரு பழங்குடிப் பெண் கிறித்தவராக இருக்கலாம், தன் முன்னோரின் வழிபாட்டைத் தொடரலாம், எதையும் நம்பாமலும் இருக்கலாம். அவருடைய தகுதி மாறுவதில்லை. ஆக, பிறப்பின் அடிப்படையில் ஒரு சமூகத்தை அடையாளம் காண மதத்தைக் கேட்டே தீரவேண்டும் என்ற கட்டாயம் நம் சட்டத்தில் எங்கும் இல்லை. தலித்துகளிடம் மட்டுமே அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது.

1936 முதல் 1990 வரை

இந்த நிபந்தனையின் வேர் ஆங்கிலேயர் காலத்தில் இருக்கிறது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் கீழ் 1936இல் வெளியான பட்டியல் சாதிகள் ஆணை, இந்தியக் கிறித்தவர் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்று கூறியது. தனித்தொகுதிகளும் மதவாரித் தொகுதிகளும் பேசப்பட்ட காலம் அது. எந்த மக்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதே அன்றைய அரசியலின் மையமாக இருந்தது. காலனி அரசின் அந்தக் கணக்கைக் குடியரசு கைவிட்டிருக்க வேண்டும். மாறாக, அதை மேலும் விரிவாக்கி, இந்து அல்லாதார் அனைவருக்கும் பொருத்தியது.

இதன் முதல் அடி யார்மீது விழுந்தது என்பதை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். 1935 அக்டோபர் 13 அன்று இயோலாவில், தாம் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அண்ணல் அம்பேத்கர் அறிவித்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார். அவரைப் பின்பற்றிய மக்கள், அந்த ஒரு செயலாலேயே மத்திய அரசின் பார்வையில் பட்டியல் சாதியினர் அல்லாதவர் ஆனார்கள். தனித்தொகுதியில் போட்டியிட்ட ஒரு நவபௌத்தர் தொடர்பான பஞ்சாப்ராவ் எதிர் மேஷ்ராம் வழக்கில், ஒரு மதத்தைப் பின்பற்றுவது என்பது அதை வெளிப்படையாக அறிவிப்பது என்று உச்ச நீதிமன்றம் பொருள் சொன்னது. அவர் பௌத்தம் தழுவியதை வெளிப்படையாக அறிவித்திருந்தார். எனவே தனித்தொகுதியில் நிற்கும் தகுதியை இழந்தார்.

அரசியலமைப்பை வரைந்தவரின் வழியில் நடந்த மக்கள், அந்த அரசியலமைப்பு தந்த பாதுகாப்பை 34 ஆண்டுகள் இழந்திருந்தார்கள். 1990இல் அது திருத்தப்பட்டபோது சொல்லப்பட்ட காரணம் எளிமையானது: மதம் மாறியதால் அவர்களுடைய சமூக, பொருளாதார நிலை மாறவில்லை. இந்தக் காரணம் சரியானது. ஆனால் இது பௌத்தத்துக்கு மட்டும் உரிய காரணம் அன்று. எந்த மதத்துக்குச் சென்ற தலித்துக்கும் பொருந்தக்கூடியது.

உறங்கும் சாதி, விழிக்கும் சாதி

நீதிமன்றங்கள் இந்தச் சிக்கலைக் கையாண்ட விதத்தைச் சில வழக்குகளின் வழியே பார்ப்போம்.

கோலார் தங்கவயல் தனித்தொகுதித் தேர்தலையொட்டி எழுந்த ஆறுமுகம் எதிர் ராஜகோபால் வழக்கில் 1975இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறியதாலேயே ஒருவருடைய சாதி எல்லா நேர்விலும் அழிந்துவிடுவதில்லை என்றும், தாய்மதம் திரும்பியவரைச் சாதியார் ஏற்றுக்கொண்டால் அவர் அந்தச் சாதியினரே என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. 1984இல் கைலாஷ் சோன்கர் வழக்கில், மதமாற்றத்தின்போது சாதி கிரகணம் பிடித்ததுபோல் மறைகிறது, திரும்பி வந்தால் மீண்டும் வெளிப்படுகிறது என்ற கருத்து முன்வைக்கப்பட்டது. 2015இல் கே. பி. மனு வழக்கில், கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து இந்துவாக மாறிய ஒருவருக்கும் இது விரிவாக்கப்பட்டது. முன்னோரின் சாதிக்கு ஆதாரம், தாய்மதம் திரும்பியதற்கு ஆதாரம், சாதியாரின் ஏற்பு ஆகிய மூன்றும் இருந்தால் போதும் என்றது நீதிமன்றம்.

மறுபுறம், 1985இல் தீர்ப்பு வந்த சூசை வழக்கு இருக்கிறது. அவர் சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துப் பிழைத்த ஆதிதிராவிடக் கிறித்தவர். அதே வேலையைச் செய்த இந்துத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை ஒதுக்கியபோது, கிறித்தவர் என்ற காரணத்தால் அவருக்கு மறுக்கப்பட்டது. கிறித்தவத்துக்குச் சென்ற பிறகும் சாதி தொடர்வது மட்டும் போதாது, அதே கொடுமையான கடுமையுடன் இயலாமைகளும் தொடர்கின்றன என்பதைக் காட்டும் நம்பத்தகுந்த ஆதாரம் வேண்டும், அது தரப்படவில்லை என்று கூறி உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது.

இவற்றை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் கிடைப்பது என்ன? தலித் ஒருவர் கிறித்தவராக இருக்கும்வரை அவருடைய சாதி உறங்குகிறது. அவர் இந்துவானதும் அது விழித்துக்கொள்கிறது. தேவாலயத்துக்குப் போன ஆண்டுகளில் இல்லாமல்போன இழிவு, கோயிலுக்குத் திரும்பிய அன்றே வந்து ஒட்டிக்கொள்கிறது. சமூகத்தில் இப்படி எங்கும் நடப்பதில்லை. தேநீர்க்கடையில் தனிக் குவளை வைப்பவர் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டுவிட்டுக் குவளையை மாற்றுவதில்லை.

2021இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு விந்தையான வழக்கைச் சந்தித்தது. ஆதிதிராவிடக் கிறித்தவர் ஒருவர் அரசிடம் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் பெற்றிருந்தார். அவர் அருந்ததியர் சமூகத்துப் பெண்ணை மணந்தார். சாதிமறுப்புத் திருமணச் சான்றிதழ் கேட்டபோது, மதம் மாறியதால் சாதி மாறுவதில்லை, பிறப்பால் இருவரும் பட்டியல் சாதியினரே என்று கூறி நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஒரு மேசையில் 'நீ பட்டியல் சாதி இல்லை' என்றும், அடுத்த மேசையில் 'நீ பட்டியல் சாதிதான்' என்றும் சொல்லப்படுகிறது. இரண்டு மேசையிலும் அவருக்குக் கிடைப்பது மறுப்பு.

நம்பிக்கையைச் சோதிக்கும் அரசு

மூன்றாம் பத்தி இருப்பதால், ஒருவருடைய மனத்துக்குள் இருக்கும் நம்பிக்கை எது என்பதை அரசு ஊழியர்கள் தீர்மானிக்க வேண்டியதாகிறது. இதன் விளைவை ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு மருத்துவரின் வழக்கு காட்டியது. இந்துப் பள்ளர் என்று சான்றிதழ் பெற்ற அவர் ஒரு கிறித்தவரை மணந்திருந்தார். அவருடைய மருத்துவமனையில் சிலுவை இருந்தது என்பதை ஒரு காரணமாக வைத்து 2013இல் அந்தச் சான்றிதழ் ரத்து செய்யப்பட்டது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்த ரத்தைச் செல்லாததாக்கியது. கணவருடனும் குழந்தைகளுடனும் தேவாலயத்துக்குச் செல்வதாலேயே ஒருவர் தன் மதத்தைக் கைவிட்டுவிட்டார் என்று கொள்ள முடியாது என்றும், அதிகாரிகளின் இத்தகைய குறுகிய மனப்பான்மையை அரசியலமைப்பு ஊக்குவிக்கவில்லை என்றும் அது கண்டித்தது.

இதற்கு நேர்மாறான தீர்ப்பு 2024 நவம்பர் 26 அன்று, அரசியலமைப்பு ஏற்கப்பட்டதன் 75ஆம் ஆண்டு நாளில், உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் அரசு வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டிருந்தார். தந்தை இந்துவாகப் பிறந்தவர், தாய் கிறித்தவர். குழந்தைப் பருவத்திலேயே அவருக்கு ஞானஸ்நானம் தரப்பட்டிருந்தது. தான் இந்து என்று அவர் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. உண்மையான நம்பிக்கையின்றி, இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறுவது அரசியலமைப்பின்மீது செய்யும் மோசடி என்று கூறியது.

மோசடி என்ற இந்தச் சொல்லை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏறத்தாழ இதே சொல் மதமாற்றத் தடைச் சட்டங்களிலும் இருக்கிறது. ஒடிசாவில் 1967இலும் மத்தியப் பிரதேசத்தில் 1968இலும் வந்த சட்டங்கள் வன்முறை, ஆசைகாட்டல், மோசடி ஆகியவற்றின் மூலம் நடக்கும் மதமாற்றத்தைக் குற்றமாக்கின. 1977இல் ஸ்டெயின்ஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லத்தக்கவை என்றது. தமிழ்நாட்டில் 2002இல் கொண்டுவரப்பட்டு 2004இல் கைவிடப்பட்ட சட்டம், சிறார், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோரை மதம் மாற்றினால் கூடுதல் தண்டனை என்றது. இன்று பல வட மாநிலங்களின் சட்டங்களிலும் அதே வரிசை இருக்கிறது. சிறாருக்கு அடுத்த இடத்தில் வயதுவந்த தலித் ஆணும் பெண்ணும் வைக்கப்படுகிறார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை துலங்குகிறது. தலித் ஒருவர் இந்து மதத்தை விட்டு வெளியேறினால், யாரோ அவரை ஏமாற்றிவிட்டார்கள் என்று சந்தேகம். அவர் திரும்பி வந்தால், அவர் அரசை ஏமாற்றுகிறார் என்று சந்தேகம். தலித்தின் நம்பிக்கை ஒருபோதும் நம்பிக்கையாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. 1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்தில் சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவியபோது, அவர்கள் ஏன் வெளியேறினார்கள் என்பதைவிட, அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதே நாடு முழுவதும் அதிகம் பேசப்பட்டது. சாதி இழிவிலிருந்து விடுபட விரும்பினோம் என்று அம்மக்களே சொன்ன காரணம் போதுமானதாகப் படவில்லை.

தேவாலயத்துக்குள் சாதி

கிறித்தவத்திலும் இஸ்லாத்திலும் தீண்டாமை இல்லை, அவை வெளிநாட்டில் தோன்றிய மதங்கள், எனவே அம்மதத்தினருக்குப் பட்டியல் சாதித் தகுதி தேவையில்லை என்பது 2022இல் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பதிலின் சாரம். மறைநூலில் இல்லாதது மண்ணிலும் இல்லை என்று இந்த வாதம் கருதுகிறது.

தமிழ்நாட்டில் வாழும் எவருக்கும் உண்மை தெரியும். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களைச் சாதிவாரியாகப் பிரிக்கும் சுவர் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டுவருகிறது. 2008 மார்ச்சில் எறையூரில், தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கிறித்தவர்கள் கோரியதையொட்டி எழுந்த மோதலில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தி இருவர் உயிரிழந்தனர். ஒரே ஆண்டவரை வணங்கிய ஊரில், சவ ஊர்வலம் எந்தத் தெரு வழியே போகலாம் என்பதைச் சாதி தீர்மானித்துக்கொண்டிருந்தது.

திருச்சபையே இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த போப் இரண்டாம் ஜான் பால், கிறித்தவர்களிடையே நிலவும் சாதிப் பாகுபாட்டை நற்செய்திக்கு எதிரானதென்று கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட கொள்கை அறிக்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதையும், தலைமைப் பொறுப்புகளில் தலித்துகள் மிகக் குறைவாக இருப்பதையும் ஏற்றுக்கொண்டது. ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா 2022இல் கர்தினால் ஆனபோதுதான் அந்த நிலையை எட்டிய முதல் தலித் என்று பேசப்பட்டார்.

இந்த ஒப்புதல்களை நாம் இரண்டு விதமாகப் பயன்படுத்த வேண்டும். அரசிடம், 'தீண்டாமை இல்லை என்ற உங்கள் வாதம் பொய்' என்று காட்டுவதற்கு. திருச்சபையிடம், 'அரசை நோக்கிக் கைநீட்டுவதோடு நிற்காமல், உங்கள் கல்லறைச் சுவரையும் பள்ளி, கல்லூரி நியமனங்களையும் சரிசெய்யுங்கள்' என்று கேட்பதற்கு. முதல் கேள்வியை மட்டும் கேட்டு இரண்டாவதை விட்டுவிடும் அமைப்புகளை நாம் நம்ப வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழக அரசே தன் கல்வி உதவித்தொகை அறிவிப்புகளில் 'கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர்' என்று ஒரு பிரிவை ஆண்டுதோறும் அச்சிடுகிறது. படிப்புக்கு ஆதிதிராவிடர், வேலைக்குப் பிற்படுத்தப்பட்டோர். தாக்கப்பட்டாலோ, பட்டியல் சாதிகள் மற்றும் பழங்குடிகள் (வன்கொடுமைத் தடுப்பு) சட்டம் 1989இன் பாதுகாப்புக்கு வெளியே நிற்பவர். தனித்தொகுதியில் வாக்களிக்கலாம், போட்டியிட முடியாது.

எதிர்வாதங்கள்

நம் தோழர்களிடையே எழும் தயக்கங்களை ஒதுக்கிவிட்டு இந்த விவாதத்தை நடத்த முடியாது. மூன்று வாதங்கள் முக்கியமானவை.

முதலாவது, பங்கு குறித்த அச்சம். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, ஒன்றிய அரசில் 15 விழுக்காடு. மிஷன் பள்ளிகளில் படித்து முன்னேறிய தலித் கிறித்தவர்கள் வந்தால், இந்துவாகவே இருந்து பின்தங்கியவர்களின் இடம் பறிபோகும் என்பது அந்த அச்சம். இது நியாயமான கவலை. ஆனால் கிறித்தவ தலித்துகளுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. பட்டியலுக்குள் எந்தச் சாதி எவ்வளவு பெறுகிறது என்ற கேள்வி ஏற்கெனவே இருக்கிறது. அருந்ததியருக்கு 2009இல் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு தரப்பட்டதும், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உள்வகைப்பாட்டை ஏற்றதும் அதற்கான விடைகள். புதிதாக வருவோரின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒதுக்கீட்டை உயர்த்த வேண்டும் என்று சேர்த்தே நாம் கேட்க வேண்டும். மேலும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு பங்கிட்டால் குறைந்துபோகும் பண்டம் இல்லை. அதை விரிவாக்குவதால் எவருடைய இடமும் பறிபோகாது.

இரண்டாவது, சமத்துவ மதத்தைத் தேடிப் போனவர்கள் அங்கும் சாதி இருக்கிறது என்று சொல்லிச் சலுகை கேட்பது முரண் என்ற வாதம். மதம் மாறுவது என்பது ஒரு வாக்குறுதியை நம்புவது. வாக்குறுதி காப்பாற்றப்படாதபோது குற்றம் நம்பியவருடையது ஆகாது. அதோடு, அவரைத் தாக்குபவர் பெரும்பாலும் அவருடைய தேவாலயத்தைச் சேர்ந்தவர்கூட இல்லை. ஊர்ச் சாதியாருக்கு அவர் என்றும் சேரிக்காரர்தான்.

மூன்றாவது, இந்தத் தடை போனால் மதமாற்றம் பெருகும் என்ற வாதம். இதைச் சொல்பவர்கள் தாம் ஒப்புக்கொள்வது என்ன என்பதைக் கவனிப்பதில்லை. சலுகை என்ற கயிறு இல்லாவிட்டால் தலித்துகள் இந்து மதத்தில் இருக்க மாட்டார்கள் என்பதே அதன் பொருள். மதச்சார்பற்ற அரசு ஒன்று தன் மக்களை ஒரு மதத்தில் கட்டிவைக்கும் கயிறாக இடஒதுக்கீட்டைப் பயன்படுத்தலாகாது. அந்த மதத்துக்குள் இருப்போரின் நிலையையும் பார்ப்போம். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் நுழைவதைச் சாதி இந்துக்கள் எதிர்த்ததால் 2023 ஜூனில் கோயிலுக்குச் சீல் வைக்கப்பட்டது. நீதிமன்ற உத்தரவுகளுக்குப் பிறகு 2025 ஏப்ரலில்தான் தலித் மக்கள் உள்ளே சென்று வழிபட முடிந்தது. சான்றிதழ் கேட்கும்போது இந்துவாக இருந்தே தீரவேண்டும். கோயில் வாசலிலோ அந்த இந்துவுக்கு அனுமதியில்லை.

மதச்சார்பின்மை என்று நாம் எதைச் சொல்கிறோம்

மதச்சார்பின்மையை, மதம் வீட்டுக்குள் இருக்கட்டும், பொதுவெளியில் வேண்டாம் என்று சுருக்கிச் சொல்பவர்கள் உண்டு. எல்லா மதங்களையும் அரசு சமமாகப் போற்ற வேண்டும் என்பவர்களும் உண்டு. இரண்டும் தலித்துகளின் அனுபவத்துக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. சாதி ஒரே நேரத்தில் வீட்டுக்குள்ளும் தெருவிலும் இருக்கிறது. மதத்தை வீட்டுக்குள் விட்டுவிட்டால் அதனுள் இருக்கும் சாதியைத் தொட முடியாது. எல்லாவற்றையும் போற்றினால் சாதியையும் சேர்த்துப் போற்ற வேண்டிவரும்.

பிறப்பு முதல் இறப்புவரை வாழ்வின் எல்லாக் கூறுகளையும் இந்நாட்டில் மதம் தனதாக்கிக்கொள்கிறது, அவ்வளவுக்கும் பாதுகாப்பு தந்தால் சமூகச் சீர்திருத்தச் சட்டமே இயற்ற முடியாது என்று 1948 டிசம்பர் 2 அன்று அரசியலமைப்பு அவையில் அம்பேத்கர் வாதிட்டார். அவரே மதத்தை வேண்டாம் என்று தள்ளியவரும் அல்லர். பல ஆண்டுகள் படித்து, தேடி, ஒரு மதத்தைத் தேர்ந்தெடுத்தவர். அவருக்கு முன்பே, 1898இல், அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். சாதியை எதிர்க்க மதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம் மரபின் பழைய ஆயுதங்களில் ஒன்று.

நம்மில் பலர் கடவுள் மறுப்பாளர்கள். பெரியாரைப் படித்து வளர்ந்தவர்கள். நமக்கு நம்பிக்கை இல்லை என்பதற்காக, ஞாயிறுதோறும் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு ஆலயத்துக்குப் போகும் நம் அத்தையின் நம்பிக்கையை அற்பமாக நினைக்கும் உரிமை நமக்குக் கிடைத்துவிடாது. வாரத்தில் ஆறு நாள் 'ஏய்' என்று அழைக்கப்படுபவரை ஏழாம் நாள் 'சகோதரி' என்று ஓர் இடம் அழைக்கிறது. அந்த அழைப்புக்கு அவர் கொடுக்கும் மதிப்பை அவரே முடிவு செய்யட்டும்.

நம் நிலைப்பாடு இதுதான். நம்பிக்கை குடிமகளுடையது, அதை அரசு கேட்கவும் கூடாது, அளக்கவும் கூடாது. சாதி சமூகத்தின் குற்றம். அது எந்த மதத்தின் கூரையின்கீழ் நடந்தாலும் அரசு தலையிட வேண்டும். இப்போது நடப்பது தலைகீழ். அரசு நம்பிக்கையை விசாரிக்கிறது, சாதியைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது.

இன்றைய நிலையும் செய்யக்கூடியவையும்

ரங்கநாத் மிஸ்ரா தலைமையிலான தேசிய மத, மொழிச் சிறுபான்மையினர் ஆணையம் 2007இல் அளித்த அறிக்கையில், மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. அது 2009 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஒன்றிய அரசு அதை ஏற்கவில்லை. 2004இல் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் புதிய ஆணையம் அமைக்கப்பட்டு, அதன் காலம் பின்னர் நீட்டிக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம், தலித் கிறித்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி வழங்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது.

மூன்றாம் பத்தியை மாற்ற அரசியலமைப்புத் திருத்தம் தேவையில்லை என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். 1956, 1990 ஆகிய இரு முறையும் நடந்ததுபோல், நாடாளுமன்றம் சாதாரணச் சட்டம் ஒன்றின் மூலமே அதைத் திருத்தலாம்.

அதுவரை சில கருவிகள் நம் கையில் இருக்கின்றன. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவில் மதம் குறிப்பிடப்படவில்லை. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1955, அதே மதத்தைச் சேர்ந்த பிறருக்குத் திறந்திருக்கும் வழிபாட்டிடத்தில் தீண்டாமை காரணமாக எவரைத் தடுத்தாலும் குற்றம் என்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால் தீண்டாமை என்ற அனுமானம் எழும். மற்றவர்கள் அதை மெய்ப்பிக்க வேண்டும். சுமை கூடுதல்தான். ஆனால் கதவு அடைக்கப்படவில்லை. ஏறத்தாழ மறக்கப்பட்டுவிட்ட இந்தச் சட்டத்தின்கீழ், தேவாலயத்துக்குள் நடக்கும் பாகுபாட்டுக்கு எதிராகப் புகார்கள் பதியப்பட வேண்டும்.

சான்றிதழ் விசாரணையில் அறிவிப்பும் எதிர்வாதம் வைக்கும் வாய்ப்பும் தராமல் ரத்து செய்தால் அதை எதிர்க்கலாம். 1994இன் மாதுரி பாட்டீல் தீர்ப்பு வகுத்த நடைமுறைகள் இதற்குத் துணை நிற்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சூசை வழக்கில் நீதிமன்றம் கேட்ட ஆதாரத்தை நாம் திரட்ட வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பட்டியல் சாதியினரை இந்து, சீக்கியர், பௌத்தர் ஆகியோரிடையே மட்டுமே எண்ணிவந்திருக்கிறது. ஆணை அவர்களை எண்ணவிடாமல் செய்கிறது. பிறகு, எண்ணிக்கை இல்லை என்று சொல்லியே கோரிக்கை மறுக்கப்படுகிறது. 2027ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சாதி கேட்கப்படவிருக்கும் நிலையில், எல்லா மதங்களிலும் உள்ள தலித்துகளின் சாதி உள்ளபடி பதியப்பட வேண்டும் என்று நாம் வற்புறுத்த வேண்டும். எந்தக் கல்லறையில் சுவர் இருக்கிறது, எந்தத் தெருவில் தேர் போவதில்லை, எந்தப் பங்குப் பேரவையில் தலித் உறுப்பினர் இல்லை என்பதைக் கல்லூரி மாணவர்கள் தத்தம் ஊரில் எழுதித் தொகுக்கலாம். நாள், இடம், சாட்சியுடன் எழுதப்பட்ட அத்தகைய ஒரு பக்கம் நீதிமன்றத்தில் நூறு கண்டன அறிக்கைகளைவிடப் பயன்படும்.

சாதிச் சான்றிதழுக்காகக் காத்திருக்கும் பிள்ளையிடம், 'சார் வர்றார், அந்தப் படத்தை எடுத்து உள்ளே வை' என்று ஒரு தாய் சொல்லும்போது, அந்தப் பிள்ளை குடியரசைப் பற்றிய தன் முதல் பாடத்தைக் கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடத்தை மாற்றி எழுதும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு இருக்கிறது. அதை எழுதவைக்கும் பொறுப்பு நம்முடையது.